ஒன்று இரண்டான நாள்

முதல் லோட் கேஸுக்கு, அதாவது கட்டடம் தாங்க வேண்டிய முதல் சுமைத் தொகுப்புக்கு, விடை சரியாக வந்தது. இரண்டாவதில் ஒரு பீமின் சுமையைக் காணவில்லை. மூன்றாவதில் இரண்டு பீம்கள். நான்காவதைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. 1990, சென்னையில் ஒரு ஸ்ட்ரக்சுரல் டிசைன் அலுவலகம், இரவு எட்டரை மணி. வாட்ச்மேன் இரண்டு தடவை கதவருகே வந்து இருமிவிட்டுப் போயிருந்தார்.

கட்டடச் சட்டகங்களுக்குக் கணக்குப் போடும் அந்தப் பழைய புரோகிராம் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் எழுதியது. அதில் நான் புதிதாகச் சேர்த்தது நாற்பது வரிகூட இருக்காது. காற்றுச் சுமையைத் தனியாகக் கணக்கிட ஒரு பகுதி, அவ்வளவுதான். அதற்குள்ளிருந்து ஒரு பழைய சப்ரூட்டினை (ஒரு தனி வேலைக்கென்று எழுதிவைத்த துணைநிரலை) கூப்பிட்டிருந்தேன். பட்டியலில் எந்த வரிசையிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஓர் எண்ணைக் கொடுத்தால் அது எடுத்துத் தரும். எனக்கு முதல் வரிசையிலிருந்து வேண்டும், அதனால் 1 என்று கொடுத்தேன். இதில் தப்பு வர என்ன இருக்கிறது?

இரண்டு மணி நேரம் எங்கெங்கோ தேடி வெறுத்துப்போய், சப்ரூட்டினைக் கூப்பிடும் வரிக்கு முன்னால் இன்னொரு வரி போட்டேன். 1ஐத் திரையில் அச்சிடு. மாறி எதுவும் கிடையாது, வெறும் 1. முதல் சுற்றில் 1 வந்தது. அடுத்த சுற்றில் 2 வந்தது. அதற்கடுத்து 3.

ஒன்று எப்படி இரண்டாகும்? என் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி ஓட்டினேன். அதே 1, 2, 3.

விஷயம் இதுதான். ஃபோர்ட்ரானில் சப்ரூட்டினுக்கு நாம் ஓர் எண்ணைக் கொடுத்தால் அங்கே போவது அந்த எண் இல்லை, அது நினைவகத்தில் இருக்கும் இடத்தின் முகவரி. 1 என்று எழுதினாலும், நாம் எழுதியதை மெஷினின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் அந்த ஒன்றை எங்கோ ஓர் இடத்தில் வைத்துவிட்டு அதன் முகவரியைத்தான் அனுப்புகிறது. அந்தச் சப்ரூட்டின் வேலையை முடித்துத் திரும்பும்போது "அடுத்த வரிசை" என்று தனக்கு வந்த எண்ணில் ஒன்று கூட்டிவிட்டுத் திரும்பும். அதை எழுதியவர் எப்போதும் ஒரு மாறியைத்தான் கொடுத்தார், அதனால் அவருக்கு அது வசதி. நான் மாறிலியைக் கொடுத்தேன். அதுவும் போய் 1 இருந்த இடத்தில் 2ஐ எழுதிவிட்டது. டாஸ் இயங்குதளத்தில் அதைத் தடுக்க ஆளில்லை. அதற்குப் பிறகு அந்தப் பகுதியில் நான் 1 என்று எழுதி அனுப்பிய இடமெல்லாம் 2.

எந்தப் புண்ணியவான் இப்படி ஒரு மொழியைச் செய்தான் என்று அன்றிரவு பல்லவன் பஸ்ஸில் திட்டிக்கொண்டே போனேன்.

அந்தப் புண்ணியவானைப் பற்றிப் படிக்க நேர்ந்தது சில மாதங்கள் கழித்து. 1978இல் நிரல்மொழிகளின் வரலாற்றுக்கென்றே லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மாநாடு நடத்தி, மொழிகளைச் செய்தவர்களையே கூப்பிட்டுப் பேச வைத்திருக்கிறார்கள். அந்தக் கட்டுரைத் தொகுதி தெரிந்த ஒரு பேராசிரியரிடம் இருந்தது. ஜான் பேக்கஸ் 1953 கடைசியில் ஐ.பி.எம்.மில் தன் மேலதிகாரி கத்பர்ட் ஹர்டிடம் இந்த யோசனையைக் கொண்டுபோகிறார். பேக்கஸ் சொன்ன காரணம் முழுக்கக் காசுக் கணக்கு. ஒரு கணிப்பொறி மையத்தில் புரோகிராமர்களுக்கு ஆகும் செலவு மெஷினுக்கு ஆகும் செலவுக்குக் குறையாது. மெஷின் நேரத்திலும் கால்வாசியிலிருந்து பாதிவரை பிழை தேடுவதிலேயே போகிறது. ஆகவே கணிதச் சூத்திரம்போல எழுதினால் மெஷினே தன் கட்டளைகளாக மாற்றிக்கொள்ளட்டும்.

அன்றைய கைதேர்ந்த புரோகிராமர்கள் இதை நம்பவில்லை. மெஷின் எழுதும் கட்டளைகள் கையால் எழுதியதைப்போல வேகமாக ஓடாது என்பது அவர்களுடைய முடிவு. பேக்கஸ் குழுவுக்கு இருந்த ஒரே பயமும் இதுதான்: கொஞ்சம் மெதுவாக ஓடினால்கூட யாரும் தொடமாட்டார்கள். அதனால் கம்பைலரின் பெரும் உழைப்பு வேகத்துக்கே போனது. லோயிஸ் ஹைப்ட் என்று ஒரு பெண், கல்லூரி முடித்த கையோடு சேர்ந்தவர். புரோகிராமின் எந்தப் பகுதி எத்தனை தடவை ஓடும் என்று கம்பைலரே கற்பனையாக ஓட்டிப் பார்த்துக் கணிக்கும் பகுதி அவருடையது. என் கல்லூரிப் புத்தகம் எதிலும் அவர் பெயரைப் பார்த்ததில்லை. குழு நியூயார்க் 56ஆம் தெருவில் லாங்டன் ஹோட்டலில் அறை எடுத்துப் பகலில் தூங்கி, இரவெல்லாம் ஐ.பி.எம். 704 முன்னால் உட்கார்ந்திருக்கிறது. எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் "ஆறு மாதம்" என்பதுதான் பதில். கம்பைலர் வெளியே போனது 1957 ஏப்ரலில். பிட்ஸ்பர்க் பக்கம் வெஸ்டிங்ஹவுஸின் பெட்டிஸ் ஆய்வகத்துக்கு துளையிட்ட அட்டைகளின் வெறும் கட்டாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே முதன்முதலாக ஒரு புரோகிராமைக் கொடுத்ததும் கம்பைலர் சொன்னது, ஓர் அடைப்புக்குறிக்குப் பிறகு கமா விட்டுப்போயிருக்கிறது என்பது. நிஜமாகவே விட்டுப்போயிருந்தது.

அப்படிப்பட்டவர்கள் 1958இல் இரண்டாம் ஃபோர்ட்ரானில் சப்ரூட்டினைக் கொண்டுவரும்போது மதிப்பை நகலெடுத்து அனுப்புவார்களா, முகவரியை அனுப்புவார்களா? ஒரு பெரிய அணியை நகலெடுத்தால் நேரமும் போகும், இடமும் போகும். முகவரிக்கு ஒரே ஒரு சொல் போதும் (மெஷின் ஒரே தடவையில் கையாளும் நினைவக அளவைத்தான் சொல் என்பார்கள்). இதைப் படித்த பிறகு என் கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தது. அன்றிலிருந்து உள்ளே திறந்து படிக்காத எந்தச் சப்ரூட்டினுக்கும் நான் நேராக எண்ணைக் கொடுப்பதில்லை. ஒரு தற்காலிக மாறியில் போட்டு அதைத்தான் கொடுப்பேன். ஃபோர்ட்ரான் 90இல் "இன்டென்ட்" என்று ஒன்று வந்தது. சப்ரூட்டினுக்குக் கொடுக்கும் இந்த ஆர்கியுமென்ட் உள்ளே வர மட்டும் என்று அறிவித்துவிட்டால், மாற்றப் பார்க்கும் வரியைக் கம்பைலரே பிடித்துவிடும். பழைய புரோகிராமைக் கையில் எடுக்கிறவர்கள் முதல் வாரத்தில் செய்ய வேண்டிய வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைச் சொல்வேன்.

சரி, கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் பி.இ. சிவில். கல்லூரியில் ஃபோர்ட்ரான் ஒரு பேப்பர். வி. ராஜாராமன் புத்தகம்தான் எங்கள் தலைமுறைக்கு வேதம். அவர் ஈரோட்டில் பிறந்தவர். 1963இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 வந்தபோது அங்கே ஃபோர்ட்ரான் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர். அந்தப் புத்தகத்தை நான் மனப்பாடம் செய்து பாஸானேன். 1986இல் வேலைக்குச் சேர்ந்தபோது, இரும்புச் சட்டகங்களுக்கு மொமென்ட் (சுமையின் வளைக்கும் விளைவு), ஷியர் (வெட்டும் விளைவு) கணக்கிடும் இந்தப் புரோகிராம் அலுவலகத்தில் இருந்தது. 1974 வாக்கில் எங்கள் சீனியர் ஒருவர் தனியாளாக எழுதியது. அவரை எல்லோரும் "சார்" என்றே சொல்வோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். வெளியே மெயின்ஃபிரேம் என்ற பெரிய கணிப்பொறி ஒன்றில் மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஓட்டுவோம். மூன்று பெட்டி நிறைய பஞ்ச் அட்டைகள், புரோகிராமின் ஒரு வரிக்கு ஓர் அட்டை. ஒரு பெட்டிக்கு 2000. கட்டின் மேல்விளிம்பில் மூலைவிட்டமாக நீல மையில் ஒரு கோடு இழுத்திருப்பார்கள். கட்டு கீழே விழுந்து கலைந்தால் கோட்டைப் பார்த்துத் திரும்ப அடுக்கலாம். ஒரு தடவை படிக்கட்டில் விழுந்தது. கோட்டின் அருமை அன்றைக்குத் தெரிந்தது.

1987இல் சார் ஓய்வுபெற்றுக் கும்பகோணம் போய்விட்டார். 1989இல் அந்த மெயின்ஃபிரேம் வாடகையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பி.சி.க்குக் கொண்டுவர முடிவானது. "ஃபோர்ட்ரான்தானே, அப்படியே ஓடும், மூன்று மாதம் போதும்" என்று சொன்னவருக்கு ஃபோர்ட்ரான் தெரியாது. எனக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

சாருக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தேன். அவர் சொன்ன முதல் விஷயம்: "மிஷின் போறதுக்கு முன்னாடி பழைய வேலையெல்லாம் ஒரு தடவை ஓட்டி, பேப்பர் எடுத்து பத்திரமா வெச்சுக்கம்மா. அப்புறம் கேட்டா யாரும் தரமாட்டாங்க." பதினொரு வேலைகளை ஓட்டினோம். அவரே பொறுக்கிச் சொன்னார். பெரிய கட்டடம் எதுவும் அதில் இல்லை. ஒரே ஒரு பீம் இருக்கும் வேலை ஒன்று, எல்லாமே செங்குத்துத் தூண்களாக இருக்கும் வேலை ஒன்று, ஸ்பிரிங் தாங்கிகளே இல்லாத ஒன்று, கையால் அரைப் பக்கத்தில் கணக்குப் போட்டுவிடக்கூடிய ஒன்று. பச்சைப் பட்டை போட்ட அந்தத் தொடர்தாள்கள் இல்லாவிட்டால் அடுத்த ஏழு வருடங்கள் நான் குருடிபோலத் தடவிக்கொண்டிருப்பேன். எதையும் மாற்றுவதற்கு முன் இருப்பதை அச்செடுத்து வை என்பதை இப்போது அழகழகான பெயர்களில் சொல்கிறார்கள். சார் அதற்கெல்லாம் பெயர் வைக்கவில்லை.

விடைகளை ஒப்பிடும்போது ஐந்தாவது, ஆறாவது இலக்கத்தில் வித்தியாசம் வரும், அதைத் தேடி அலையாதே என்றும் சொன்னார். ஐ.பி.எம். மெயின்ஃபிரேம் தசம எண்களைப் பதினாறின் அடிமானத்தில் வைக்கும், பி.சி. 1985இல் வந்த ஐ.இ.இ.இ. 754 தரத்தில் இரண்டின் அடிமானத்தில் வைக்கும். எத்தனை இலக்கம்வரை ஒத்துப்போனால் போதும் என்று முதலிலேயே முடிவுசெய்து எழுதி வைத்துக்கொண்டேன்.

பி.சி.யில் ஓட்டியதும் பதினொன்றில் ஆறு ஒத்துப்போனது. ஐந்து ஒத்துப்போகவில்லை. அதில் ஒரு வேலைக்கு எல்லா விடையும் பூச்சியம். வேடிக்கை என்னவென்றால், ஸ்பிரிங் தாங்கி இல்லாத வேலைகள் மூன்று இருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் பூச்சியம் தந்தது, மற்ற இரண்டும் சரி. ஒரே மாதிரி வேலை, ஒரே புரோகிராம், ஏன் இப்படி?

நான்கு நாள் இதிலேயே போனது. மறுபடி பூத், மறுபடி சார். "ஸ்பிரிங் இல்லேன்னா அந்த இடத்துல ஒரு வெத்து அட்டை வெச்சிருப்பேனே, இருக்கா பாரு" என்றார்.

இருந்தது. அதாவது, ஒரு கோப்பில் இருந்தது. மற்ற இரண்டில், அட்டைகளிலிருந்து ஃபிளாப்பிக்கு ஏற்றியவர்கள் வெற்று வரி எதற்கு என்று நீக்கிவிட்டிருந்தார்கள். சரியாக ஏற்றிய கோப்பு தப்பான விடை தந்தது, தப்பாக ஏற்றிய இரண்டும் சரியான விடை தந்தன!

காரணம் லூப், அதாவது ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் பகுதி. பழைய ஃபோர்ட்ரானில் டூ லூப் எப்படியும் ஒரு தடவை ஓடும். ஒன்றிலிருந்து பூச்சியம்வரை என்று சொன்னால்கூட ஒரு தடவை ஓடிவிட்டுத்தான் நிற்கும். 1966 தரம் அப்படி எழுதவே கூடாது என்றுதான் சொன்னது, ஆனால் எழுதினால் கம்பைலர்கள் பொதுவாக இதைத்தான் செய்தன. ஏனென்றால் 704இல், எண்ணைக் குறைத்துச் சோதித்துவிட்டு மேலே தாவ ஒரே கட்டளை இருந்தது. லூப்பின் அடியில் அதைப் போட்டால் வேலை முடிந்தது. மேலேயும் ஒரு சோதனை வைப்பது பேக்கஸ் குழுவுக்கு வீண் செலவு. அதனால் ஸ்பிரிங்குகளைப் படிக்கும் லூப், ஸ்பிரிங் ஒன்றுகூட இல்லாதபோதும் ஓர் அட்டையைப் படித்தது. அதற்குத் தீனியாகத்தான் சார் வெற்று அட்டை வைத்தார். ஃபோர்ட்ரான் 77 விதியை மாற்றியது. பூச்சியம் என்றால் லூப் ஓடவே ஓடாது. வெற்று வரி படிக்கப்படாமல் மிஞ்சி, அடுத்துச் சுமைகளின் எண்ணிக்கையைப் படிக்கும் இடத்தில் போய் விழுந்தது. வெற்றிடம் என்றால் பூச்சியம். பூச்சியம் சுமைகள், பூச்சியம் விடைகள்.

எங்கள் கம்பைலரின் கையேட்டில் இதற்கென்றே "டூ66" என்று ஒரு கட்டளை இருந்தது. முதல் வரியில் போட்டால் லூப்புகள் பழைய வழியில் ஓடும். நீக்கப்பட்ட வெற்று வரிகளைத் திரும்பச் சேர்த்து, அந்தக் கட்டளையைத் தற்காலிகமாகப் போட்டேன். தற்காலிகம் ஆறு வருடம் இருந்தது.

இன்னொரு பிழை பார்ப்பதற்கு அழகாக இருந்தது. உறுப்புகளின் பெயர்ப்பட்டியல் அகரவரிசையில் வர வேண்டும்: பி1, பி2, பி3, சி1, சி2 என்று. வந்தது பி1, சி1, பி2, சி2, பி3. அந்தக் கால ஃபோர்ட்ரானில் எழுத்துகளுக்கென்று தனி வகை கிடையாது. நான்கு எழுத்தை ஓர் எண் மாறிக்குள் அடைத்து, எண்களாகவே ஒப்பிட்டு வரிசைப்படுத்துவார்கள். மெயின்ஃபிரேமில் முதல் எழுத்து எண்ணின் பெரிய முனையில் உட்காரும். பி.சி.யின் இன்டெல் சில்லில் முதல் எழுத்து சின்ன முனையில். ஆகவே மெஷின் பெயர்களைக் கடைசி எழுத்திலிருந்து வாசித்துக்கொண்டிருந்தது. ஃபோர்ட்ரான் 77இன் கேரக்டர் வகைக்கு மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் எழுத்தும் எண்ணும் கலந்த பெயர்களில் வரிசை அப்போதும் பழைய தாள்களோடு ஒத்துப்போகவில்லை. ஐ.பி.எம்.மின் எழுத்துக் குறியீட்டில் எண்கள் எழுத்துகளுக்குப் பின்னால் வரும், பி.சி.யின் குறியீடான ஆஸ்கியில் முன்னால். அதை அப்படியே விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் பழையபடி ஆக்க வேண்டிய அவசியம் இல்லை.

72ஆவது கட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முழுசாகாது. பஞ்ச் அட்டையில் 80 கட்டங்கள். ஃபோர்ட்ரான் வரி 7இலிருந்து 72 வரைக்கும்தான். 704இன் சொல் நீளம் 36 பிட். அதன் அட்டை வாசிப்பான் ஒரு வரிசைக்கு இரண்டு சொற்களைப் படிக்கும், ஆக 72. மிச்ச எட்டில் வரிசை எண் போட்டுக்கொள்ளலாம், கம்பைலர் அதைத் திரும்பிப் பார்க்காது. பெயர்களுக்கு ஆறு எழுத்து வரம்பு வந்ததற்கும் அதே 36தான் காரணம், எழுத்துக்கு ஆறு பிட் வீதம்.

1991இல் நான் ஒரு வரியில் ஒரு பெருக்கல் காரணியைச் சேர்த்தேன். வரி நான்கு கட்டம் வலப்பக்கம் நகர்ந்தது. இருமுனையும் இறுகப் பிடித்த பீமுக்கு முனை மொமென்ட் என்ன என்று சிவில் படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: சுமை சீராகப் பரவியிருந்தால், ஓர் அலகு நீளத்துக்கான சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 12ஆல் வகுக்க வேண்டும். அந்தப் 12தான் வரியின் கடைசி. அதில் 1 விழுந்தது 72ஆவது கட்டத்தில், 2 விழுந்தது 73இல். கம்பைலர் 2ஐப் பார்க்கவில்லை, எச்சரிக்கவும் இல்லை. மொமென்ட் பன்னிரண்டு மடங்கு. நல்லவேளை, அரைப் பக்கத்தில் கையால் போட்ட கணக்கு என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. பன்னிரண்டு மடங்கு என்பதால் கண்ணில் பட்டது. 1.2 மடங்காக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில இரவுகளில் நினைத்துப் பார்க்கிறேன்.

என் சொந்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். 1992 வாக்கில், கணினி அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1968 மார்ச்சில் எழுதிய புகழ்பெற்ற கடிதத்தைப் படித்தேன். வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கோ டூ கட்டளை தீங்கானது என்பது. அந்தத் தலைப்பை அவர் வைக்கவில்லை, பத்திரிகைக்காக நிக்கலஸ் விர்த் வைத்தது. டெய்க்ஸ்ட்ரா சொன்ன காரணம் எனக்கு உடனே பிடித்துவிட்டது. புரோகிராம் ஓடும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதைத் தாளில் இருக்கும் எழுத்தைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும், கோ டூ அதைக் கெடுக்கிறது. சாரின் புரோகிராமில் கோ டூக்கள் கறிவேப்பிலை மாதிரி, எங்கே பார்த்தாலும் இருக்கும். ஒன்றுவிடாமல் எடுத்துவிடுவது என்று இறங்கினேன். மூன்று வாரம். யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

முடித்து ஓட்டினால், பதினொன்றில் தூண்கள் மட்டும் இருந்த வேலையில் மொமென்ட்டுகளின் குறி எல்லாம் தலைகீழ். பழைய ஃபோர்ட்ரானின் இஃப் மூன்று பக்கம் தாவும்: எண் எதிர்மம் என்றால் ஒரு வழி, பூச்சியம் என்றால் ஒரு வழி, நேர்மம் என்றால் ஒரு வழி. நான் அவற்றை "எதிர்மம் என்றால் இது, இல்லையென்றால் அது" என்று இரண்டாக்கியிருந்தேன். ஓரிடத்தில் பூச்சியத்துக்குப் போன வழி, மற்ற இரண்டிலும் சேராத தனி வழி. கிடைமட்ட நீளம் பூச்சியம் என்றால் அது தூண், அதற்கு எந்த முனை முதல் முனை என்று சார் தனியாக முடிவுசெய்திருக்கிறார். மூன்று வாரத்து வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை பழைய ஃபிளாப்பியிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். டொனால்ட் நூத் 1974இல் எழுதிய நீண்ட கட்டுரையை அதற்கு முன்பே படித்திருந்தால் இத்தனை வேகம் வந்திருக்காது. கோ டூ இருப்பது சரியாகவே படும் இடங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார்.

பிறகு நான் கைக்கொண்ட வழி வேறு. ஏதாவது ஒரு காரணத்துக்காக ஒரு சப்ரூட்டினைத் தொட வேண்டிவந்தால், அதை மட்டும், அப்போது மட்டும் சீராக்குவேன். பதினொரு தாள்களோடு ஒப்பிடுவேன். ஒத்துப்போனால் தேதி போட்டு மேலே ஒரு குறிப்பு எழுதுவேன். ஐந்து வருடத்தில் பாதிப் புரோகிராம் இப்படியே மாறியது.

டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய கட்டுரை எனக்கு டெய்க்ஸ்ட்ராவைவிட அதிகம் சோறு போட்டது. ஒரு சின்னப் புரோகிராமை இரண்டு விதமாகத் துண்டுபோட்டுக் காட்டுகிறார். வேலை நடக்கும் வரிசைப்படி பிரிப்பது ஒன்று. பின்னால் மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு துண்டுக்குள் ஒளித்துவைப்பது இன்னொன்று. எங்கள் புரோகிராமில் எல்லாத் தரவும் காமன் என்ற பொதுத் திண்ணையில் கிடந்தது. யார் வேண்டுமானாலும் வந்து எதையும் எடுப்பார்கள், எதையும் மாற்றுவார்கள். நான் ஒரே ஒரு முடிவை மட்டும் ஒளித்தேன்: உள்ளீட்டுக் கோப்பு எந்த வடிவில் இருக்கிறது என்பதை. அதைப் படிக்கும் எல்லா வரிகளையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்தேன். அட்டை வடிவத்தை விட்டுப் புது வடிவத்துக்குப் போனபோது அந்த ஓரிடத்தை மாற்றினால் போதுமாக இருந்தது. சாரின் வெற்று அட்டை ஓய்வுபெற்றதும் அன்றைக்குத்தான்.

1996இல் யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் வந்தது. அங்கே ஒரு பேய் பிடித்தது. புரோகிராம் தப்பான விடை தரும். எங்கே தப்பு என்று பார்க்க அச்சிடும் வரி ஒன்றைப் போட்டால் சரியான விடை தரும். எடுத்தால் மறுபடி தப்பு. இந்த மாதிரிப் பிழையைப் பார்த்தவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசையும்.

ஃபோர்ட்ரான் பிறந்த காலத்தில் ஸ்டாக், அதாவது ஒவ்வோர் அழைப்புக்கும் மேலே மேலே இடம் கொடுக்கும் நினைவக அடுக்கு, அதில் கிடையாது. ஒரு சப்ரூட்டின் தன்னைத்தானே கூப்பிட முடியாது, ஆகவே அதன் மாறிகளுக்கு நினைவகத்தில் நிரந்தரமாக இடம் கொடுத்துவிடலாம். திரும்ப வரும்போது பழைய மதிப்பு அப்படியே இருக்கும். 1960 ஜனவரியில் பாரிஸில் பதின்மூன்று பேர் கூடி ஆல்கால் 60 என்ற நிரல்மொழியை வடித்தார்கள். அதில் ஒரு செயல்முறை தன்னையே கூப்பிடலாம். அப்படியென்றால் ஒவ்வோர் அழைப்புக்கும் புதிதாக இடம் வேண்டும், திரும்பியதும் அந்த இடம் போய்விடும். அதே வருடம் ஆகஸ்டில் டெய்க்ஸ்ட்ராவும் ஸோனவெல்டும் ஆம்ஸ்டர்டாமில் எக்ஸ்1 மெஷினுக்கு ஆல்கால் கம்பைலர் செய்து முடித்தார்கள். ஸ்டாக் அதன் நடு முதுகெலும்பு. ஆல்கால் மெல்ல மறைந்துபோனாலும் அந்த ஸ்டாக் பின்னால் வந்த மெஷின்களுக்குள்ளும் கம்பைலர்களுக்குள்ளும் குடியேறிவிட்டது. எங்கள் ஒர்க்ஸ்டேஷனின் ஃபோர்ட்ரான் கம்பைலரும் உள்ளூர் மாறிகளை ஸ்டாக்கில் வைத்தது. சார் ஓரிடத்தில் "முதல் தடவையா?" என்று ஒரு மாறியில் குறித்து வைத்து, அடுத்த அழைப்பில் அதைப் பார்ப்பார். அந்த மாறி இப்போது அழைப்புக்கு அழைப்பு குப்பையாகிக்கொண்டிருந்தது. நான் அச்சிடும் வரி போட்டதும் ஸ்டாக்கில் இடங்கள் நகர்ந்து, தற்செயலாகச் சரியான மதிப்பு வந்து உட்கார்ந்தது.

மருந்து சின்னதுதான். ஃபோர்ட்ரான் 77இல் "சேவ்" என்று அறிவித்தால் மதிப்பு தங்கும். எந்தெந்த இடத்தில் போட வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு மாதம். இப்போதைய கம்பைலர்களில் எல்லா உள்ளூர் மாறிகளையும் நிரந்தரமாக வைக்கச் சொல்லும் தேர்வு இருக்கிறது. அதோடு ஓட்டிப் பாருங்கள், அது இல்லாமலும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு விடையும் வேறுபட்டால் உங்களுக்கும் இதே பேய்தான்.

நான் ஓய்வுபெற்று வருடங்கள் ஆகிவிட்டன. போன வருடம் அதே அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். பழைய ஃபிளாப்பியிலிருந்து சாரின் மூலப் புரோகிராமை யாரோ எடுத்துவைத்திருக்கிறார்கள், அதை லினக்ஸில் ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் போட்டு ஓட்டிப் பார்க்கிறாராம்.

"மேடம், ஏறக்குறைய எல்லா வரியிலும் பிழைன்னு சொல்லுது. நூத்துக்கணக்குல."

"72 கட்ட வரம்பை ஏதாவது மாத்தினீங்களா தம்பி?"

"ஆமாம் மேடம். நீங்க குறிப்புல எழுதியிருந்தீங்களே, 12 வெட்டுப்பட்டு 1 ஆன கதை. அதனால எதுக்கு வம்புன்னு வரி நீளத்தை 132ன்னு வெச்சுட்டேன்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. 73இலிருந்து 80 வரை, ஒவ்வோர் அட்டையிலும் சார் பொறுமையாகப் போட்டுவைத்த வரிசை எண்கள் இருக்கும். இத்தனை வருடம் யாரும் வாசிக்காத அந்த எட்டுக் கட்டங்களைக் கம்பைலர் முதன்முதலாக வாசித்துவிட்டது.

"அந்த எட்டையும் வெட்டிடுங்க" என்றேன். "ஆனா முதல்ல ஒரு நகல் எடுத்து வெச்சுட்டு."